தனிநாடும் மலைநாட்டுத் தமிழரும்

ஒரு நாட்டிலே வாழும் மக்களுள் ஒரு சாரார், பெரும்பான்மையோர் ஆட்சியிலே தமக்கு நீதி கிடையாதெனக் கண்டு, தாம் செறிந்து வாழும் நிலப்பகுதியைப் பிரித்துத் தனிநாடாக அமைத்துக்கொள்ளுதல் தகுமா? இவ்வினா இலங்கைத் தமிழரிடையே பல்லாண்டுகளாக எழுந்து வந்துள்ளது. தகும் என்றோரும் உளர். தகாது என்றோரும் உளர். இரு திறத்தாரும் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்தே பேசினர். ஊவா மலைச்சாரலிலே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே, தமிழ் கற்பிக்கும் பணியிலே அமர்ந்துள்ள யாம் அவ்வினாவை எம் ஊரிலே நின்று நோக்க விழைகின்றோம். எம் ஊர் லுணுகலை.

விழா மலரிலே இத்தகைய பொருளை எடுத்தல் பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். கல்லூரியின் பெருமையை எம்மினும் தக்கார் பலர் இம்மலரிலே எழுதுவர். இக்கல்லூரியின் பழைய மாணவரோ இன்று பல நாடுகளிலே பரந்து வாழ்கின்றனர். அவர்கள் கூடும் இடந்தோறும் தமிழர் எதிர்காலம் பேசப்படுகின்றது. அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு; அவர்கள் பொருளுக்கு வலிமை உண்டு. மதிப்பும் வலிமையும் உள்ளார் அவையிலே, அவர் காதுக்கு எட்டாத ஒரு செய்தியைக் கொண்டுவந்து வைத்தல் ஆசிரியர் கடன் எனக் கருதுகின்றோம்.

இலங்கையின் ஆட்சிப்புலத்துள் தனிநாடு அமைவதை ஆதரித்தலை 1983 ஆவணியிலே நிறைவேறிய அரசியலமைப்பின் ஆறாந் திருத்தம் தடை செய்துள்ளது. ஆயின், அத்தடைக்கு அஞ்சி யாம் இக்கட்டுரையின் முடிபுக்கு வந்தோமல்லோம். சட்டம் வாயை அடைக்கலாம். மனத்திலே எழுந்த வினாவை அடைக்க மாட்டாது. வினாவுக்கு விடையே மருந்து. அவ்விடையைக் காரணங்காட்டித் தேடுவோம்.

முதலிலே ஒரு தெருவைக் காட்டுதும். லுணுகலைக் கடைத்தெருவின் ஊடே செல்லும் பெருந்தெரு பேராதனையிலே தொடங்கி, நுவரெலியா, பதுளை, பசறை ஆகிய ஊர்களைக் கடந்து, எம்மூரைத் தொட்டு, பிபிலைக்கு இறங்கி, பதியத்தலாவை, மகாஓயா வழியாகச் செங்கலடியை அடைகின்றது. செங்கலடி மட்டக்களப்பு மாவட்டத்தது. பிபிலைக்கும் பதியத்தலாவைக்கும் இடையிலே ஊவா மாகாணம் முடிந்து கிழக்கு மாகாணம் தொடங்குகின்றது. வடக்கு, கிழக்கு மாகாணங்களே தனிநாடு என்று கோரப்பட்டபோது, அந்நாட்டின் எல்லைக்கோடு எம் தெருவை அவ்விடத்திலேதான் குறுக்கே வெட்டிற்று. கோட்டின் உள்ளே, பதியத்தலாவையிலும் மகாஓயாவிலும், வாழ்வோர் பெரும்பாலும் சிங்கள மக்கள். கோட்டின் வெளியே, ஹொப்டனிலும் அடாவத்தையிலும் மடுல்சீமையிலும் பசறையிலும், கொழுந்து கொய்வோர் தமிழர். தமிழருக்கென வகுக்கப்படும் நாட்டின் உள்ளே சிங்களவரும் வெளியே தமிழரும் நிற்பர் என்பதை நூல் எதுவும் படியாமலே எம் தெருவிலே நடந்து அறிந்துகொள்ளலாம்.

நிற்க. தனிநாடு கேட்டோர் காரணமின்றிக் கேட்டனர் என்பார் வரலாறு அறியாதவர். 1956 இலே சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1957 இலே பண்டாரநாயக்கரும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1958 இலே தமிழர் குருதி சிந்தினர். 1965 இலே டட்லி சேனநாயக்கர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறாதொழிந்தது. 1970 இற்குப் பின்னர்ப் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தது. சோல்பரி யாப்பிலே சிறுபான்மையோருக்கென இருந்த சிறு காவலையும் 1972 ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு நீக்கிவிட்டது. அவ்வாண்டிலே செல்வநாயகம் தம் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து மக்கள் தீர்ப்பை வேண்டினார். அதற்கான இடைத்தேர்தலையே அரசாங்கம் 1975 மாசி வரை நடத்தவில்லை. 1970 ஆம் ஆண்டுத் தேர்தலிலே, நாட்டைப் பிரிக்கக் கோருவோருக்கு ஆதரவு அளியாதீர் என்று தமிழ் மக்களை வேண்டிக்கொண்ட அதே தமிழரசுக் கட்சி, ஆறு ஆண்டுக்குள்ளே தனிநாடு கேட்கத் துணிந்தது எனின், அத்துணிவை ஊட்டியவர் யார்? கேட்டதையெல்லாம் மறுத்த கொழும்பு ஆட்சியாளரே அல்லரோ? இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பிரிவினையைப் பழிப்பது நேர்மையன்று.

1976 வைகாசி 14 ஆம் நாள், வட்டுக்கோட்டைத் தொகுதியைச் சேர்ந்த பண்ணாகத்திலே கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு, சுதந்திரத் தமிழீழம் அமைத்தலே வழியெனத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு ஆடித் தேர்தலிலே கூட்டணி 18 இடங்களைப் பெற்றது. அத்தீர்மானத்தைப் புகழ்ந்தோரும் பலர், இகழ்ந்தோரும் பலர், முழுதும் படித்தோர் சிலரே. மலைநாட்டாராகிய யாம் அதிலே இரண்டு இடங்களை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

ஓரிடத்திலே, இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு தனிநாட்டுக் கோரிக்கையிலே தனக்குள்ள தயக்கத்தைத் தெரிவித்தமை குறிக்கப்பட்டுள்ளது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழ்ந்து உழைக்கும் தோட்டத் தொழிலாளர் என்பதே அதற்குக் காரணமாகவும் காட்டப்பட்டுள்ளது. காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானோ செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் கூட்டணியின் மூன்று தலைவருள் ஒருவராய் வைக்கப்பட்டிருந்தவர். மற்றோரிடத்திலே, தமிழீழம் வடக்கு, கிழக்கு மாகாண மக்களைக் கொண்டதாகும் என்றும், இலங்கையின் எப்பகுதியிலே வாழும் தமிழ் பேசும் மக்களும் விரும்பின் அதன் முழுப் பிரசாவுரிமையைப் பெறலாம் என்றும் கூறப்பட்டுள்ளது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்குங்கால் புலப்படுவது யாது? தீர்மானம் இயற்றியோர் எம்மை மறந்தாரல்லர், நினைந்தே எழுதினர். அந்நன்றியை யாம் மறவோம். ஆயினும், அவர்கள் எமக்குத் தர இயன்றது பிரசாவுரிமை ஒன்றே, நிலம் அன்று. மடுல்சீமையிலே லயக் காம்பராவில் வாழும் ஒரு தொழிலாளி தமிழீழப் பிரசையாகப் பதிந்துகொண்டால் அவர் நிலை யாதாகும்? தாம் பிறந்த தோட்டத்திலேயே அந்நிய நாட்டவர் ஆவார். பதியாது விட்டால், பிரிந்துபோன இனத்தவரின் எச்சமெனக் கருதப்பட்டு, சினங்கொண்ட பெரும்பான்மையோரிடையே தனித்து நிற்பார். தேயிலைச் செடியை வேரோடு பெயர்த்துச் செங்கலடிக்குக் கொண்டு செல்லுதல் இயலாது. கொழுந்து இருக்கும் இடத்திலேதான் எம் கூலி. கூலி இருக்கும் இடத்திலேதான் எம் அடுப்பு.

இது வெறும் ஊகம் அன்று. புதிதாக ஒரு நாடு பிறக்கும்போது எமக்கு நேர்வது யாதென்பதை யாம் முன்னரே கண்டுள்ளோம். 1948 மாசி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திர நாடாகப் பிறந்தது. பிறந்த நாடு, தன் குடிகள் யாவர் என்று எண்ணத் தொடங்கிற்று. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலே தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 இலே தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்திய காங்கிரசு 7 இடங்களை வென்றிருந்தது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஓர் இடமும் இல்லையாயிற்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டும், ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

1964 ஐப்பசியிலே சிறிமாவோ பண்டாரநாயக்கரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தஞ் செய்தனர். 9,75,000 மக்களிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இலே சரி பாதியாகப் பகிர்ந்தனர். பகிரப்பட்டோரின் விருப்பத்தைக் கேட்டு இவ்வெண்கள் வகுக்கப்படவில்லை. தலைமன்னாரிலே கப்பல் ஏறியோருள் இந்தியாவை முன்பு ஒருநாளும் கண்டறியாதார் எத்தனையோ பேர். 1971 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே ஏறக்குறைய 11,75,000 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981 இலே 8,18,656 ஆகக் குறைந்தது. 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலும், இறுதியாக 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் எஞ்சியோர் பிரசாவுரிமை பெற்றனர். 1948 இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள். ஒரு நாட்டின் குடியென்று எழுதப்படுவதற்கு இரண்டு தலைமுறைக்கு மேலாகக் காத்திருந்தவரிடம் சென்று, மறுபடியும் நாடு பிரிக்கலாமா என்று கேட்பின், அவர் முதலிலே பெட்டியைத் திறந்து தம் பத்திரம் இருக்கின்றதா என்றுதான் பார்ப்பார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாது விடலாகாது. எமது உரிமை பறிக்கப்பட்டபோது அதனைத் தம் பிரச்சினையாகக் கொண்டு போராடியவர் செல்வநாயகம். அதுபற்றியே தமிழ்க் காங்கிரசிலிருந்து விலகி, 1949 மார்கழியிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். எனவே, வடகிழக்கு அரசியலின் அப்பெருங் கிளை மலைநாட்டார் துயரிலேதான் முளைத்தது. முளைத்தவிடத்திலே முதற்பொருளாக இருந்த யாம், 1976 இலே தீர்மானத்தின் ஒரு தயக்கக் குறிப்பாக ஒடுங்கினோம். இதனை யார்மேலும் குற்றமாகக் கூறவில்லை. சமஷ்டி கேட்டவரை யாம் சேர்ந்து நிற்க முடிந்தது. எல்லைக்கோடு கேட்டபோது சேர முடியவில்லை. கோட்டின் இயல்பு அத்தகையது. அது ஒரு பக்கத்தை உள்ளே சேர்க்கும்போதே மற்றொரு பக்கத்தை வெளியே தள்ளிவிடுகின்றது.

வெளியே தள்ளப்பட்டோர் விலையும் கொடுத்தனர். 1977 ஆவணியிலே கலவரம் மூண்டபோது, தனிநாட்டுக்கு வாக்களித்திராத தோட்ட மக்களும் தாக்கப்பட்டனர். 1981 இலும் அவ்வாறே. 1983 ஆடி 27 ஆம் நாள் பதுளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அன்றிரவு அத்தீ லுணுகலையையும் எட்டிற்று. கோட்டின் உள்ளே இருப்போர்மேல் கொண்ட சினத்தைக் கோட்டின் வெளியே கைக்கு அகப்பட்டோர்மேல் தீர்த்துக்கொண்டனர். இச்செயலைச் செய்தோரின் கொடுமையை யாம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. பழி முற்றும் அவர்களதே. ஆயினும், ஒரு கோரிக்கையை எழுப்புவோர் அதன் சுமையைத் தாங்கப்போவோர் யாவர் என்று முன்னரே எண்ணிப் பார்த்தல் கடமையன்றோ?

எல்லையின் உள்ளே அடைக்கலம் இருந்ததே எனச் சிலர் கூறுவர். இருந்தது, உண்மை. 1977 இற்குப் பின்னர் ஆயிரக்கணக்கான மலைநாட்டுக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்றன. காடு வெட்டின; வயல் திருத்தின. அவர்களைக் கைகொடுத்துக் குடியேற்றிய நல்லோர் பெயரை மலைநாடு நன்றியோடு நினைக்கின்றது. ஆயின், அங்கும் பலர் நிலமின்றிப் பிறர் வயலிலே கூலியாகவே நின்றனர். 'தோட்டக்காட்டான்' என்னும் சொல் சிங்களவர் வாயிலே பிறந்ததன்று. தமிழ்ச் சொல் அது. தமிழர் வாயிலே பிறந்தது. பின்னர் 2009 வைகாசி வரை நீடித்த போரிலே அம்மக்களும் வன்னி மக்களோடு மக்களாய் மாண்டனர். இனி, 1990 ஐப்பசியிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் சில நாள்களுக்குள் வெளியேற்றினர். தமிழ் பேசும் மக்களென்று தீர்மானத்திலே எழுதப்பட்டோர், எல்லை காப்போர் கையிலே துப்பாக்கி வந்த பின்னர் வேற்றாராயினர். எல்லையின் உள்ளே இருப்பதனாலேயே ஒருவருக்குக் காவல் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

உலக வரலாறும் இதனையே கூறுகின்றது. 1971 இலே வங்காளதேசம் பிரிந்தது. அம்மக்கள் பட்ட துன்பத்தைக் கருதுமிடத்து, அப்பிரிவைத் தகாதென்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அத்துணை நியாயமான பிரிவிலும், அந்நாட்டிலே வாழ்ந்த உருது பேசும் மக்கள் நாடற்றவராய் முகாம்களிலே அடைபட்டனர். அவர்கள் அந்நாட்டுப் பிரசைகளே என்று டாக்கா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008 இலேதான். 1991 இலே யூகோசிலாவியாவிலிருந்து பிரிந்த சிலோவீனியா, மறு ஆண்டு மாசியிலே 25,000 இற்கு மேற்பட்டோரின் பெயர்களை நிரந்தர வதிவோர் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. 2012 இலே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதனைப் பிழையெனத் தீர்த்தது. தென் சூடானிலே 2011 தை மாத வாக்கெடுப்பில் நூற்றுக்கு 98 இற்கு மேற்பட்டோர் பிரிவை வேண்டினர். ஆடி 9 ஆம் நாள் நாடு பிறந்தது. அவ்வாண்டே, வடக்கே கார்ட்டூம் நகரிலே நெடுங்காலம் வாழ்ந்த தென்னாட்டு மக்கள் சூடானியப் பிரசாவுரிமையை இழந்தனர். 2013 மார்கழியிலே புதிய நாட்டினுள்ளேயே போர் மூண்டது. லுணுகலை மக்களுக்கு இக்கதைகள் விளங்க விரிவுரை வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து யாம் பெறும் அளவுகோல் இது: பிரிவினை தகுமா என்னும் வினாவை, பிரிந்து செல்வோரிடம் மட்டும் கேட்டு விடை காணலாகாது, கோட்டின் தவறான பக்கத்திலே அகப்படுவோரிடமும் கேட்டல் வேண்டும். கனடாவிலே கியூபெக் மாகாணம் 1995 ஐப்பசி 30 ஆம் நாள் பிரிவினை குறித்து வாக்களித்தது. பிரிவை வேண்டியோர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலே தோற்றனர். அதற்கு ஆறு நாள் முன்னரே, அம்மாகாணத்தின் வடபுலத்திலே வாழும் கிரீ என்னும் பழங்குடி மக்கள் தமக்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 96 பேர், தம்மையும் தம் நிலத்தையும் கியூபெக்கோடு கொண்டுசெல்லலாகாது என்றனர். 1998 இலே கனடாவின் உச்ச நீதிமன்றம், ஒரு மாகாணம் தன்போக்கிலே பிரிந்து செல்ல உரிமையில்லை என்றது. தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைப்பின் அதனைப் புறக்கணிக்கவும் இயலாது, பேசித் தீர்த்தல் கடன் என்றது. அப்பேச்சிலே சிறுபான்மையோர் உரிமையும் கருதப்படல் வேண்டும் என்றது. இதுவே அறிவுடையோர் நெறி.

நம்மவர் செய்தது யாது? போர் முடியுந் தறுவாயிலும் முடிந்த பின்னரும், புலம்பெயர்ந்த தமிழரிடையே வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின்மேல் வாக்கெடுப்புகள் நடைபெற்றன. 2009 வைகாசியிலே நோர்வேயிலும், அவ்வாண்டு மார்கழியிலே கனடாவிலும், 2010 தையிலே பிரித்தானியாவிலும். வாக்களித்தோருள் மிகப் பெரும்பாலோர் ஆமென்றனர். அவர்கள் உறவினரை இழந்து உளம் வெந்திருந்த காலம் அது. அவர்தம் துயரை யாம் மதிக்கின்றோம். ஆயினும் ஒன்று கேட்போம். ஒஸ்லோவிலும் இலண்டனிலும் வைத்த வாக்குப்பெட்டியைப் பசறையிலே வைத்தாரில்லை. கோடு வரைந்தால் வீடிழப்போர் வாக்களிக்கவில்லை. ஒரு கண்ணிலே வெண்ணெயும் மறு கண்ணிலே சுண்ணாம்பும் வைத்தாற்போல் ஆகாதோ?

இவ்விடத்திலே அன்பர் மூன்று தடைகளை எழுப்பக்கூடும். ஒன்று: ஒற்றையாட்சியிலேதானே உங்கள் பிரசாவுரிமை பறிபோயிற்று, அதனையா காக்க நிற்கின்றீர்? இல்லை. ஒற்றையாட்சிக்காக யாம் வாதாடவில்லை. 1948 இலே எம்மை வீழ்த்தியது நாடு ஒன்றாயிருந்தமை அன்று. அதிகாரம் ஓரிடத்திலே குவிந்திருந்தமை. ஒரு சபையிலே கை உயர்த்தினால் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கலாம் என்னும் நிலையே நோய். அந்நோயைத் தீர்க்காது நாட்டை இரண்டாக்கினால், குவிந்த அதிகாரம் இரண்டிடத்திலே இருக்கும்.

இரண்டு: கோட்டுக்கு வெளியே சிலர் இருப்பதற்காக வடக்கு, கிழக்கு மக்கள் என்றென்றும் அநீதியைச் சுமப்பதா? இத்தடை வலியது, மழுப்பிச் செல்லலாகாது. 2012 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியத் தமிழரெனப் பதிந்தோர் 8,39,504 பேர். இலங்கைத் தமிழரெனப் பதிந்துகொண்ட மலைநாட்டாரும் பலர் உளர். தொகை சிறிதன்று. ஆயினும், தொகை பற்றி யாம் வாதிடவில்லை. அநீதியைச் சுமக்குமாறு யாம் ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவர் முதுகிலிருந்து இறக்கும் சுமையை மற்றொருவர் தலைமேல் ஏற்றாத வழியை நாடுமாறே கேட்கின்றோம். அன்றியும், வடக்கும் கிழக்கும் பிரிந்துபோயின், எஞ்சும் நாட்டின் சபையிலே தமிழுக்காக எழும் குரல் மெலிந்துவிடும். அந்நாடு தன் தமிழ்க் குடிகளுக்கு நீதி செய்யப் பின்னும் குறைந்த காரணமே கொண்டிருக்கும். இது வடக்குக்குச் சுதந்திரமாகலாம், ஊவாவுக்குச் சிறையாகும்.

மூன்று: தனித்து நின்ற நீங்கள் பெற்றது யாது? உங்கள் தலைவர் 1978 இலே அமைச்சரானார். லயம் லயமாகவே இருக்கின்றதே! ஏளனம் சுடுகின்றது, ஏனெனின் அதிலே பாதி உண்மை. 2014 ஐப்பசி 29 ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அணித்தாயுள்ள மீரியபெத்தையிலே மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, சொந்த நிலமில்லாத வாழ்வு எத்தகையது என்பதை நாடே கண்டது. மற்றைப் பாதியையும் சொல்லுதல் நீதி. 1986 தையிலே தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்திப் பிரார்த்தனை இயக்கம் நடத்தினர். நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறிற்று. துப்பாக்கி ஏந்தாமல், எல்லை கேட்காமல், இருந்த இடத்திலே இருந்துகொண்டே பெற்ற உரிமை அது. மெதுவாக வந்தது, ஆயினும் போகவில்லை.

ஆகவே, பிரிவினைக்கு மாற்றாக யாம் வேண்டுவது யாது? வடக்கும் கிழக்கும் தம் அலுவலைத் தாமே நடத்தும் உண்மையான அதிகாரப் பகிர்வு. சமஷ்டி கேட்டல் பிரிவினை கேட்டலாகாது என்று இலங்கையின் உயர் நீதிமன்றமே 2017 ஆவணியிலே தீர்ப்பளித்துள்ளது. எனவே, அதனைப் பேச எவரும் அஞ்ச வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தாலே வந்த மாகாண சபையும் வெறுங் கூடாக நிற்றலாகாது. 2014 புரட்டாதியிலே தேர்தல் கண்ட எம் ஊவா மாகாண சபை, 2019 இலே காலம் முடிந்த பின்னர்த் தேர்தல் நடவாது ஆண்டுக்கணக்காக ஆளுநர் கையிலே கிடந்தது. தேர்தல் இல்லாத சபை நீரில்லாத பீலி.

அதிகாரத்தை மாகாண எல்லையோடு மட்டும் பகிர்ந்தால் மலைநாட்டுக்குப் போதாது. யாம் ஒரு மாகாணத்திலும் பெரும்பான்மையினர் அல்லோம். ஆதலின், எல்லையைப் பற்றாது மக்களைப் பற்றிச் செல்லும் உரிமைகள் வேண்டும். முதலாவது, காணி. குடியிருக்கும் 7 பேர்ச் நிலமாயினும் அதற்கு உறுதி எம் பெயரிலே வேண்டும். இரண்டாவது, மொழி. பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலே சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இலே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ஆயினும், சிங்களத்திலே மட்டும் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லுமாறு பெற்றோர் எம் பாடசாலை வாயிலிலே வந்து நிற்றல் இன்றும் ஒழியவில்லை. மூன்றாவது, ஊராட்சி. தோட்டத்தினுள்ளே பணஞ் செலவிட 2018 இலே சட்டம் திருத்தப்படும் வரை பிரதேச சபைக்குத் தடை இருந்தது. வாக்கு எம்முடையது, வழி போடச் சபையால் முடியாது. இத்தகைய தடைகளை நீக்குவதற்குக் கொடியும் எல்லையும் வேண்டியதில்லை. உறுதியான மனமும் இடையறாத முயற்சியுமே வேண்டும். இவற்றை வடக்கு, கிழக்குத் தலைவர்கள் தம் கோரிக்கையோடு கோரிக்கையாக வைத்தல் வேண்டும். 1985 இலே திம்புவில் தமிழ் இயக்கங்கள் யாவும் சேர்ந்து வைத்த நான்கு கோட்பாடுகளுள், இத்தீவைத் தம் நாடாகக் கொண்ட தமிழர் அனைவர்க்கும் பிரசாவுரிமை என்பதும் ஒன்றாக இருந்தது. அம்மரபு அறுந்துவிடலாகாது.

பழைய மாணவர் பெருமக்களே! தனிநாடு தகுமா என்னும் வினாவுக்கு எம் விடை இது. மக்கள் பொறுக்கலாகாக் கொடுமைக்கு உள்ளாகி வேறு வழி காணாது பிரிந்த நாடுகள் உலகிலே உண்டு. பிரிவினை எக்காலத்தும் எவ்விடத்தும் பாவம் என்று யாம் சொல்லவில்லை. ஆயின், மக்கள் கலந்து வாழும் எம் தீவிலே, எக்கோடு வரையினும் அது தமிழரையே இரண்டாகப் பிளக்கும். உள்ளே அகப்படும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் புதிய சிறுபான்மையினராக்கும். வெளியே நிற்கும் மலைநாட்டாரை இரண்டாம் முறையும் அந்நியராக்கும். அதனாலே தகாது என்கின்றோம். தகாதென்று கூறியவுடனே எம் கடமை முடிந்துவிடவில்லை. பிரிவு வேண்டா என்போர் நீதி வேண்டும் என்பதிலே பின்னும் உரத்துப் பேசக் கடமைப்பட்டவர்.

நும்மிடம் வேண்டுவது ஒன்றே. இனித் தமிழர்க்குரிய தீர்வு இதுவென ஒரு திட்டம் நும்முன்னே விரிக்கப்படுமாயின், அதனை வியக்குமுன்னரும் வெறுக்குமுன்னரும், லுணுகலையிலே வாழும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அதனால் யாது கிடைக்கும், யாது போகும் என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கூறாத திட்டம் தமிழர் திட்டமாகாது.